மூன்று நாட்டுக் கடலோர அணை உயரங்களை ஒரே அட்டவணையில் ஒப்பிட வழி தேவை

வணக்கம். நவம்பரில் இங்கே சிங்கப்பூரில் நடக்கும் பயிலரங்குக்கு ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கிறோம். சிங்கப்பூர், பங்களாதேஷ், நெதர்லாந்து திட்டமிடுவோர் கரையோரப் பாதுகாப்பு பற்றி ஒருவரிடம் ஒருவர் கற்பதுதான் நோக்கம். அணை உயரங்களை அருகருகே வைத்தால் எதுவும் ஒட்டவில்லை.

உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளக்கிறோம் என்பதே வேறு: எங்களுடையது எஸ்.எச்.டி., டச்சுக்காரர்களுடையது என்.ஏ.பி., பங்களாதேஷ் ஆவணங்களில் பி.டபிள்யூ.டி. இந்த அடிப்படை மட்டங்களின் சுழியமே வேறு வேறு.

எல்லாவற்றையும் உள்ளூர் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றிப் பார்த்தோம். பழைய வரைபடங்களில் அளவெடுத்த ஆண்டே இல்லை, அதனால் எந்த ஆண்டின் கடல்மட்டத்தோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. வெள்ள நிகழ்தகவை வைத்து ஒப்பிட்டாலும் சரிவரவில்லை: 2017 முதல் டச்சு விதி ஒவ்வோர் அணைப்பகுதியும் உடைந்து வெள்ளம் வரும் வாய்ப்பைக் கணக்கிடுகிறது, மற்றவர்கள் அணை தாங்கும்படி வடிவமைத்த நீர்மட்டம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்கிறார்கள். ஐ.பி.சி.சி. (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) ஐந்தாம், ஆறாம் அறிக்கைகளில் கடல்மட்ட உயர்வை ஒப்பிடும் அடிப்படைக் காலம் (1986–2005, 1995–2014) மாறியதால் வரும் 3 செ.மீ. வித்தியாசம் மட்டும் சரியாகிவிட்டது.

உண்மையான சிக்கல் நிலத்தாழ்வு. 1960களில் பங்களாதேஷில் கட்டிய பல கரையணைகளுக்குள் வண்டல் வராமல் தரை தாழ்ந்தது, வெளியே ஆற்றுப்படுகை உயர்ந்தது, மழைநீர் வடிய வழியில்லை. தெக்கோங் தீவில் அணைகட்டி, நீரிறைத்து நிலம் மீட்கும் நமக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை. உயரத்தை மட்டும் காட்டும் அட்டவணையில் அது தெரியவே தெரியாது.

அதனால் உயரத்துக்குப் பதில், எத்தனை செ.மீ. கடல்மட்ட உயர்வில் ஓர் அணை போதாமல் போகும் என்ற வரம்பை ஒப்பிட நினைக்கிறோம். அப்படிச் செய்தவர்கள், நிலத்தாழ்வை அந்த வரம்புக்குள் எப்படிச் சேர்த்தீர்கள்?