புதுப்பிப்பு: ஏழாங்கிளாஸ் ஸ்பானிஷ்ல பி வந்த விஷயம்

போன பதிவுல கேட்டிருந்தேன்ல, பொண்ணு ஹோம்வொர்க் ஒண்ணு விடாம குடுத்தும் பி தான் போட்டிருக்காங்க, இது நியாயமான்னு. டீச்சரை நேர்ல பாருங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, பாத்தாச்சு.

ஹோம்வொர்க்குக்கு 10 சதவீதம் தானாம், மீதி பூரா பேசறது, எழுதறது, கேட்டு புரிஞ்சுக்கறது. இங்க அமெரிக்கால ஆக்ட்ஃபுல்னு (ACTFL) மொழி சொல்லிக் குடுக்கறதுக்கான ஒரு அமைப்போட படிநிலை வெச்சிருக்காங்க, நாவிஸ்னு சொல்ற ஆரம்ப நிலைலயே லோ, மிட், ஹைன்னு மூணு, மனப்பாட வார்த்தையும் ரெடிமேட் வாக்கியமும் சொன்னா மிட், சொந்தமா வாக்கியம் வர ஆரம்பிச்சா ஹை பக்கம் போகுதுன்னு அர்த்தம்.

அவ பேப்பரையும் காட்டினாங்க. எனக்கு நாய்ங்கள பிடிக்கும்ங்கறதை "மே குஸ்தா லோஸ் பெர்ரோஸ்"னு எழுதியிருக்கா, நாய்ங்க பன்மைங்கறதால "குஸ்தா"வுக்கு பதிலா "குஸ்தான்" வரணும், ஆனா விஷயம் புரியுதேன்னு அதுக்கு பெருசா குறைக்கல. குறைஞ்சது எங்கன்னா ஸ்பீக்கிங்ல, கேள்விக்கு பதில் சொல்றா, திருப்பி ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கறா. நம்ம வீட்ல மார்க்னா எழுதறது மட்டும் தானே, இதை யார் யோசிச்சோம்!

கிளாஸ்ல கை தூக்கறதுக்கு மார்க் போடறது மட்டும் எனக்கு இன்னமும் ஒப்பல, கூச்சப்படற பிள்ளைங்க என்ன பண்ணும்? கேட்டே விட்டேன். ஜோடியா பேசறதையும் கணக்குல எடுத்துக்கறேன்னாங்க, பரவால்ல.

ஸ்பீக்கிங் ரீடேக் வர்ற வெள்ளிக்கிழமை.