பழைய ஐஸ்கிரீம் விளம்பரம் யாருக்காவது ஞாபகம் இருக்கா?

காவிரிக்கரையான்: கும்பகோணத்தில் சின்ன வயதில் சினிமா இடைவேளையில் ஐஸ்கிரீம் ஸ்லைடு போடுவார்கள், சுவரிலும் எழுதியிருப்பார்கள். சீசனுக்கு ஒரு புது ஃப்ளேவர் என்று விடும் இந்த வழக்கம் எப்போது வந்தது?

திருவாரூர் பொடியன்: நம்ம ஊரில் விளம்பரமே சைக்கிள் ஐஸ்காரர்தான். பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு மரப்பெட்டியில் சேமியா ஐஸும் பால் ஐஸும் கொண்டுவருவார். தேர் சமயத்தில் கூட்டம் அள்ளும், ஐப்பசி அடைமழை தொடங்கினால் ஆளையே பார்க்க முடியாது, அதுதான் எங்கள் சீசன். சேமியா ஐஸ் மாதிரி இன்னொன்று இனி வராது, சண்டைக்கு வராதீர்கள்.

டெல்டா தாத்தா: அருண் ஐஸ்கிரீம் 1970ல் சென்னை ராயபுரத்தில் சின்ன அளவில் குச்சி ஐஸோடு தொடங்கியதுதான், பிறகுதான் சிறு ஊர்களுக்குப் பரவியது. சீசன் விஷயம் அமெரிக்காவில் பழசு. அங்கத்திய ஐஸ்கிரீம் கம்பெனி பாஸ்கின் ராபின்ஸ் 1953ல் விளம்பர ஏஜென்சி யோசனைப்படி மாதத்தில் ஒரு நாளைக்கு ஒன்று என 31 ஃப்ளேவர் என்று சொல்லி விற்றார்கள், 1969ல் மனிதன் நிலவில் இறங்கியபோது அதற்கென்றே சீஸ்கேக் ஃப்ளேவர் ஒன்று விட்டார்கள். 1984ல் அமெரிக்க அதிபர் ரீகன் ஜூலையை ஐஸ்கிரீம் மாதம் என்று அறிவித்தார், அங்கே அப்போதுதான் கோடை. நமக்கு ஜூலையில் ஆடிக்காற்று, அதனால் அந்தக் கணக்கு இங்கே ஒத்துவராது, சித்திரையில் மாம்பழம் வந்தால்தான் சரி.

காவிரிக்கரையான்: சேமியா ஐஸ் விஷயத்தில் சண்டை இல்லை அண்ணே! ஆனால் ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் வாங்கித் தின்ற பால் ஐஸ்தான் என் ஓட்டு.