மெல்லக் கற்போர் பட்டியல்: ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுமா?

இளந்தளிர்:
6ஆம் வகுப்புக் கணக்கு. காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மெல்லக் கற்போர் பட்டியல் தயாரிக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் ரோசன்தால் ஆய்வைக் காட்டி, "நாம் நம்பினால் பிள்ளை படித்துவிடும்" என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? வகுப்பில் என்ன செய்தால் பலன் தெரியும்?

கரும்பலகை:
ஆய்வு உண்மைதான் டீச்சர். கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1964-65 கல்வியாண்டில் செய்தது. நுண்ணறிவுத் தேர்வு ஒன்றை வைத்துவிட்டு, ஐந்தில் ஒரு பிள்ளையைக் கண்ணை மூடிப் பொறுக்கி, "இவர்கள் இந்த ஆண்டு வேகமாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் 1ஆம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு நுண்ணறிவு ஈவு (IQ) சராசரியாக 27 புள்ளி கூடியது, மற்றவர்களுக்கு 12. ஆனால் 3 முதல் 6ஆம் வகுப்பு வரை சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பயிற்சியில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

நெல்லிக்கனி:
அந்தத் தேர்வின் மேலேயே உளவியலாளர் ராபர்ட் தார்ன்டைக் 1968இல் கேள்வி எழுப்பினார். ஒரு வகுப்பின் தர்க்கத்திறன் பகுதியில் சராசரி IQ 31 என்று வந்திருந்தது; பொதுச் சராசரியே 100. பள்ளியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளுக்கு அப்படி வர வழியே இல்லை.

உங்களுக்கு உதவுவது 1984இல் ஸ்டீபன் ராடன்புஷ் என்ற ஆய்வாளர் இதே மாதிரியான 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியரிடம் இப்படிச் சொல்லிவைப்பது ஏறக்குறைய பலிப்பதில்லை. அதற்குள் அவர் மனதில் ஒரு கணிப்பு விழுந்துவிடுகிறது. அதனால் சென்ற ஆண்டுப் பட்டியலை ஜூன் முதல் வாரத்தில் வாங்கிப் பார்க்காதீர்கள்.

சாக்பீஸ்:
நம்பிக்கை மனதில் இருந்தால் மட்டும் போதாது, கேள்வி கேட்கும் விதத்தில் அது இறங்க வேண்டும். 7×8 எவ்வளவு என்று முதல் பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்டால் காத்திருக்கிறோம், "7×7 தெரியுமே?" என்று எடுத்துக்கொடுக்கிறோம். கடைசி பெஞ்சில் அதே கேள்விக்கு மூச்சு விடுவதற்குள் "சரி, உட்கார், அடுத்து யார்?" ஆசிரியர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் அளந்தபோது, நன்றாகப் படிப்பதாக ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 2 நொடி கிடைத்தது, பின்தங்கியவர்களாகக் கருதியவர்களுக்கு 1 நொடிகூட இல்லை. 3 நொடிக்கு மேல் நிறுத்தியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது.

ஒரு பாடவேளையை போனில் ஒலிப்பதிவு செய்து, பத்துக் கேள்விகளுக்கு நொடியை எண்ணுங்கள். யாரைக் கேட்பது என்பதைப் பெயர்ச்சீட்டு எடுத்து முடிவு செய்யுங்கள். முதலில் கேள்வி, பிறகு 3 நொடி, அப்புறம்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இளந்தளிர்:
நன்றி சார். பட்டியலைத் தவிர்க்க முடியாதே?

சாக்பீஸ்:
கொடுத்துத்தான் ஆகணும் டீச்சர். ஆனால் பெயருக்கு எதிரே 'மெல்ல' என்று எழுதாமல் 'பகுதி வேறான பின்னக் கூட்டல் வரவில்லை' என்று எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கணக்கு கொடுத்து, வந்துவிட்டால் அந்த வரியை அடியுங்கள். தனிக் குழுவாக ஆண்டு முழுக்க ஒரே வரிசையில் உட்கார வைக்க வேண்டாம்.

தப்பான விடைக்கு "சூப்பர்" சொல்வதும் கெடுதல். இவனுக்கு இவ்வளவுதான் என்று டீச்சர் நினைப்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். 1/4 + 2/3 என்பதை 1/12 + 2/12 என்று எழுதியிருந்தால், "பகுதியை 12 ஆக்கியது சரி. 4ஐ எதால் பெருக்கினாய்? தொகுதியையும் அதே எண்ணால் பெருக்கு" என்று சொல்லி, அவன் கையாலேயே திருத்தி முடிக்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.