டிஸ்னி போகிறீர்களா? காலைச் சாப்பாட்டை முந்தின இரவே எடுத்து வையுங்கள்

அமெரிக்கா வந்து முதல் வருஷம். பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் பிரேக் விடப்போகிறார்கள், பள்ளியில் பாதிப் பேர் டிஸ்னி போகிறார்கள், நாமும் ஒரு தடவை கூட்டிப் போய்விடலாம் என்று முடிவு செய்திருப்பீர்கள். டிக்கெட், ஹோட்டல், கார் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து கணக்குப் போடுவீர்கள். காலைச் சாப்பாட்டை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவீர்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அட்லாண்டா பக்கம். டிஸ்னி இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குக் காரில் ஏழு மணி நேரம். முதல் தடவை போனபோது ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. காலை உணவு இலவசம் என்று போட்டிருந்த ஹோட்டலாகப் பார்த்துத்தான் எடுத்தோம். ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தைத் திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை. வாஃபிள் மெஷின் இரண்டு, அதற்கு முன்னால் பதினைந்து குழந்தைகள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சூடாக இருந்தது முட்டையும் சாசேஜும்தான். அவர் இரண்டும் தொடமாட்டார். கடைசியில் கிடைத்தது இரண்டு டோஸ்ட், ஒரு வாழைப்பழம். அதை முடித்து, அறைக்குப் போய்ப் பைகளை எடுத்து, காரை ஓட்டி, டிஸ்னியின் பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டம் வாசலைத் தொடும்போது மணி பத்தரை. செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின் என்ற ரைடுக்கு 110 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருந்தது. பாதி வரிசையில் சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான், வெளியே வந்துவிட்டோம்.

அந்த அழுகைக்குக் காரணம் பசியும் இல்லை, வெயிலும் இல்லை. பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரத்தை நாங்கள் தொலைத்துவிட்டோம். இந்தப் பார்க்குகளில் நாளிலேயே கூட்டம் குறைந்த நேரம் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம்தான். பதினோரு மணிக்குமேல் ஒன்றரை மணி நேரம் நிற்க வைக்கும் ரைடுக்கு, அந்த நேரத்தில் போனால் அரை மணிக்குள் ஏறிவிடலாம். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களை எல்லா நாளும் எல்லாப் பார்க்கிலும் மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்பே உள்ளே விடுகிறார்கள். அதற்காகவே கூடுதல் வாடகை கொடுத்து அங்கே தங்கிவிட்டு, எட்டரை மணிக்கு ஃபுட் கோர்ட்டில் பான்கேக்குக்காக நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பார்க்குக்குள் காலையில் ஒரு தட்டும் ஒரு காபியும் வாங்கினால் பெரியவர் ஒருவருக்கு 15 டாலரை ஒட்டி வந்துவிடும். நாலு பேர், நாலு நாள் என்றால் சாதாரணமாக 200 டாலருக்கு மேல். நாங்கள் இரண்டாவது தடவை போனபோது ஆறு பேருக்கு நாலு நாள் காலைச் சாப்பாட்டுக்குக் கடையில் வாங்கியது 50 டாலருக்குள் முடிந்தது. இன்னொன்று, புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது: ஃபுளோரிடாவில் கடையில் வாங்கும் சாப்பாட்டு மளிகையில் பெரும்பாலானவற்றுக்கு விற்பனை வரி கிடையாது. சமைத்துக் கொடுக்கும் உணவுக்கு உண்டு. டிஸ்னியின் பெரும்பகுதி இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் 6.5 சதவீதம்.

ரொம்பப் பேருக்குத் தெரியாத விஷயம், வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம். நம் ஊர்த் தியேட்டர் ஞாபகத்தில் "உள்ளே விடமாட்டார்கள்" என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். விடுகிறார்கள். கண்ணாடிப் பாட்டில் கூடாது, குழந்தை உணவு ஜாடிக்கு மட்டும் விலக்கு. சூடு பண்ண வேண்டியதாக இருக்கக் கூடாது, கடும் வாசனை அடிக்கக் கூடாது. உதிரி ஐஸ்கட்டி கூடாது, திரும்பப் பயன்படுத்தும் ஐஸ் பேக் வைத்துக்கொள்ளலாம். கூலர் 24 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரத்துக்குள் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கியமான விதிகள் இவைதான். குடிக்கிற தண்ணீரையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே கொடுப்பார்கள்.

சரி, என்ன எடுத்துப் போவது?

எங்கள் வீட்டில் முதல் நாளுக்குப் பொடி இட்லிதான். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு மினி இட்லி ஊற்றி, முழுக்க ஆறவிட்டு (சூட்டோடு மூடினால் வியர்த்துப் பிசுபிசுத்துவிடும்), நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியில் புரட்டி, ஆளுக்கு ஒரு டப்பா. ரயிலில் சென்னை போகும்போது அம்மா கட்டிக் கொடுத்த அதே பொட்டலம்தான். எண்ணெயும் பொடியும் பூசின இட்லி காயாது, தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம், சிந்தாது. பூண்டு சேர்க்காத பொடியாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வாசனை விதியையும் மதித்ததாக இருக்கும். இரண்டாம் நாளுக்கு என்று ஹோட்டல் ஃபிரிட்ஜில் வைத்ததை, ஈரமான பேப்பர் டவலைப் போர்த்தி மைக்ரோவேவில் நாற்பது விநாடி வைத்தால் மறுபடி பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதற்குமேல் இட்லியை நம்பவேண்டாம்.

மூன்றாம் நாளுக்கு வழியில் பப்ளிக்ஸிலோ வால்மார்ட்டிலோ டார்ட்டியா ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள். நிலக்கடலை வெண்ணெய் தடவி, முழு வாழைப்பழத்தை உள்ளே வைத்துச் சுருட்டி, ஃபாயிலில் மடித்தால் பிள்ளைகள் நடந்துகொண்டே சாப்பிடுவார்கள். சப்பாத்தி மாதிரிதான், ஆனால் யாரும் மாவு பிசைய வேண்டாம். பெரியவர்களுக்குக் கப்பில் வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் உப்புமா, அவல், ஓட்ஸ் எல்லாம் இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. அறையிலிருக்கும் காபி மெஷினில் ஒரு தடவை வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை வரும் வெந்நீரைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் உப்புமா காபி வாசனை அடிக்கும். ஃபில்டர் காபி இல்லாமல் முடியாது என்பவர்கள் வீட்டிலேயே கெட்டி டிகாக்ஷன் இறக்கி பாட்டிலில் எடுத்து வந்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், இரண்டு நாள் தாங்கும்.

டிஸ்னியில் குறைந்த வாடகை ஹோட்டல்கள், அதாவது பாப் செஞ்சுரி, ஆல் ஸ்டார் போன்றவை, அறையில் சின்ன ஃபிரிட்ஜும் காபி மெஷினும் தருகின்றன. மைக்ரோவேவ் அறையில் இருக்காது, கீழே ஃபுட் கோர்ட்டில் இருக்கும். வெளியே தங்குவதென்றால் ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் சூட்ஸ் போன்றவற்றில் அறைக்குள்ளேயே சமையலறையும் உண்டு, காலை உணவும் இலவசம். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் வாடகைக்கு முழு வீடே கிடைக்கும். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் அதுதான் கட்டுபடியாகும். சாதாரண ஹோட்டல் அறைக்கு இன்டக்ஷன் அடுப்பும் ரைஸ் குக்கரும் தூக்கிப் போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை, தாளிக்கிற புகைக்கு அலாரம் அடித்தால் மாடி முழுக்க வெளியே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

ஒரு விஷயம் மனசிலிருந்து சொல்கிறேன். சமையலறை இருக்கிறதே என்று காலை ஐந்தரைக்கு அம்மாவையோ மனைவியையோ எழுப்பித் தோசை வார்க்க விடாதீர்கள். முதலாவது, நேரம் போய்விடும். ஆறு பேருக்குத் தோசை வார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். இரண்டாவது, அவர்களுக்கும் அது விடுமுறைதான். அடுப்பைத் தொடுவதென்றால் இரவில், எல்லாரும் சேர்ந்து, மறுநாள் டப்பாவைக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுங்கள். எங்கள் வீட்டில் டார்ட்டியா சுருட்டுவது பெரியவள் பொறுப்பு, டப்பாவை எண்ணிப் பையில் வைப்பது என் கணவர்.

எப்போது சாப்பிடுவது என்பதுதான் முக்கியம். அறையில் சாப்பிட வேண்டாம். எழுந்ததும் காபி, பால், அவ்வளவுதான். பார்க் ஒன்பது மணிக்குத் திறக்கிறது என்றால் எட்டேகால் வாசலில் நிற்கிற மாதிரி கிளம்புங்கள். கதவு திறக்கும்வரை எப்படியும் சும்மா நிற்கப்போகிறீர்கள். அந்த நிற்கிற நேரம்தான் சாப்பாட்டு நேரம். மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர்கள் கூடுதலாக அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடம் பார்க் வாசலில் இல்லை, ஏரிக்கு இந்தப் பக்கம். அங்கிருந்து மோனோரயில் அல்லது படகில் போக வேண்டும். டிஸ்னி ஹோட்டல் பஸ் என்றால் நேரே வாசலிலேயே இறக்கிவிடும்.

பையைச் சோதிக்கும் இடத்தில் ஒரு சின்ன அனுபவம். நாங்கள் எவர்சில்வர் டப்பாக்களும் ஸ்டீல் ஃபிளாஸ்க்கும் வைத்திருந்தோம், இரண்டு நாளும் தனியாக நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினோம், நடந்தபடியே உள்ளே போய்விட்டோம்.

சர்க்கரை உள்ளவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலினோ சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையோ எடுப்பவர்கள், கையில் டப்பாவைத் திறந்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும். "பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிடலாம்" என்பது அங்கே ஒரு மணி நேரமாகிவிடும், நடையோ நாளெல்லாம் நடை. திடீரென்று சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஒரு சின்ன ஜூஸ் டப்பாவோ குளுக்கோஸ் மாத்திரையோ அவர்கள் பையிலேயே இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம். நீங்கள் ரைடில் இருக்கும்போதுதான் அவர்களுக்குத் தேவைப்படும். அப்பாவுக்கு நாங்கள் பத்தரைக்கு இரண்டாவது டப்பா ஒன்று வைத்தோம். அதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. முதல் மூன்று ரைடு முடிந்து கூட்டம் ஏறும் நேரத்துக்கு நிழலில் உட்கார்ந்து ஏதாவது கொறிப்பது, மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளுவது. பன்னிரண்டு மணி வரிசையும் அதில் தப்பியது.

சைவக் குடும்பங்கள் கடையில் வாங்கும் காலை உணவின் பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். மேலே சர்க்கரைப் பூச்சு உள்ள பாப் டார்ட்ஸிலும், லக்கி சார்ம்ஸ் சீரியலில் கலர் கலராக இருக்கும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சில தயிர்க் கப்புகளிலும் சேர்க்கிறார்கள். இங்கே வந்து ஆறு மாசம் எனக்கு இது தெரியாது.

விமானத்தில் வருபவர்களுக்கு: இட்லி, சப்பாத்தி, பொடி எல்லாம் கைப்பையில் தாராளமாகக் கொண்டு வரலாம். சட்னி, தயிர், ஊறுகாய், அரைத்த இட்லி மாவு, டிகாக்ஷன் எல்லாம் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். குழந்தைக்குப் பாலும் குழந்தை உணவும் அந்தக் கணக்கில் இல்லை. கார் எடுக்காமல் டிஸ்னி ஹோட்டலுக்கு நேரே போகிறவர்கள் இன்ஸ்டாகார்ட் மாதிரி ஆப்பில் மளிகையை ஹோட்டலுக்கே வரவழைக்கலாம். நீங்கள் அறையில் இல்லாத நேரம் வந்தால் வாங்கி வைக்க ஹோட்டல் ஒரு கட்டணம் போடும், அதனால் நீங்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும் இன்னொரு கம்பெனியின் பார்க்கான யூனிவர்சல் போகிறவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே விதி இறுக்கம். தண்ணீர், சின்னத் தின்பண்டம், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு, இவ்வளவுதான். டப்பா சாப்பாட்டை உள்ளே நுழையும் முன்பே முடித்துவிடுங்கள்.

இவ்வளவு சிக்கனம் சொல்லிவிட்டு ஒரு செலவும் சொல்கிறேன். மிக்கி, கூஃபி எல்லாரும் மேஜைக்கு வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் காலை உணவு இருக்கிறது. கான்டெம்பரரி ஹோட்டலில் இருக்கும் செஃப் மிக்கீஸ் அதில் பிரபலம். பெரியவர் ஒருவருக்கு 50 டாலருக்கு மேல், வரியும் டிப்ஸும் தனி. பிள்ளைகள் சின்ன வயதாக இருந்தால், நாலு நாளில் மிச்சம் பிடித்ததை வைத்து ஒரே ஒரு தடவை போங்கள். 60 நாள் முன்பே புக்கிங் திறந்துவிடும், அன்றைக்கே முயலுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் காசு கிடையாது. பார்க்குக்குப் போகும் நாளில் வைக்காதீர்கள், ஊருக்குக் கிளம்பும் நாளில் வையுங்கள், அதுவும் காலையில் கிடைக்கிற கடைசி நேரமாக. பத்தரைக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாடும் அதிலேயே முடிந்துவிடும். சைவம் என்பதை புக் செய்யும்போதே எழுதிவிட்டு, உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள். அங்கிருந்து நேரே காரில் ஏறிவிடலாம். எங்கள் சின்னவன், ஜார்ஜியாவுக்குள் நுழைந்ததும் வரும் வால்டோஸ்டா தாண்டும்வரை கூஃபி தலையைத் தடவியதையே சொல்லிக்கொண்டு வந்தான், அப்புறம்தான் தூங்கினான்.