எஸ்பாலியருக்குத் தமிழ்: படலா, தோளணையா?

(எழுதும் நால்வரும் ஊர்ப்பெயரில்.)

கம்பம்: வீட்டுத்தோட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எஸ்பாலியர்' ஒன்றுதான் பாக்கி. கொய்யாவை, எலுமிச்சையைக் கம்பியில் கட்டித் தட்டையாக வளர்ப்பது. 45 செ.மீ. இடைவெளியில் மூன்று கம்பி. கன்றை முதல் கம்பி உயரத்தில், கீழே மூன்று நல்ல மொட்டு நிற்கும்படி வெட்ட வேண்டும். ஒன்று மேலே போகும், மற்ற இரண்டும் இருபுறக் கைகள். வெறும் 'கவாத்து' (கிளை வெட்டுதல்) என்றால் இங்கே பன்னீர்த் திராட்சைப் பந்தல்தான் நினைவுக்கு வரும்.

செங்கோட்டை: மூலம் இத்தாலியத்தின் 'ஸ்பல்லா', தோள். 'தோளணை' என்க. தோளும் துலாவும் (தராசு) ஒரே வேர். இருபுறமும் சமமாகக் கை நீட்டி நிற்பதைப் பாருங்கள்.

குமுளி: துலா வடசொல் ஐயா, முடிச்சுப் போடாதீர்கள். 'சுவர்ப்படர் மரம்' போதாதா? பாரி தேர் கொடுத்ததும் படரத்தானே?

கம்பம்: அது முல்லை, கொடி. கொய்யா தானாகப் படராது அண்ணா, நாம்தான் படுக்க வைக்கிறோம். சுவரும் வேண்டாம். குளிர்நாட்டில் சுவர்ச்சூடு பழத்துக்கு நல்லது. நம் மேற்குச் சுவரை ஒட்டி நட்டால் இலை கருகும். தனிக்கம்பியே மேல்.

புளியரை: 'படல்' இருக்கிறதே! ஆட்டுப்பட்டிக்குக் கட்டுவது, தட்டை, குறுக்குக் கம்பு, காற்றும் புகும். படல் மரம், படல் கவாத்து. கையேட்டில் இதையும் சேருங்கள்: கொய்யாத் தளிர்த்தண்டு பச்சையாக, நான்கு பட்டையாக இருக்கும்போதே மூங்கில் குச்சியில் 45 பாகைச் சாய்வில் கட்ட வேண்டும். உடனே கிடையாக்கினால் நுனி ஓட்டம் குறைந்துவிடும். உருண்டு முற்றிய பிறகு வளைத்தால் கவட்டில் பிளக்கும். கை வேண்டிய நீளம் ஓடியதும் கிடையாக இறக்கிக் கட்டலாம். வாழைநாரை எட்டு வடிவில் கட்டினால் கம்பி மரப்பட்டையை அறுக்காது.

செங்கோட்டை: 'கவாத்து' படைப்பயிற்சிச் சொல். 'கொம்பு கோதல்' என்றாவது எழுதுங்கள்.

குமுளி: அதை எங்கள் பக்கம் மலையாளத்தில் தினமும் கேட்கிறோம். கம்பத்தில் கவாத்தே புரியும். இன்னொன்று: ஆப்பிள் பாடத்தை அப்படியே பெயர்க்காதீர்கள். ஆப்பிள் பழைய குறுங்கிளையில் ஆண்டுதோறும் பூக்கும். கொய்யா புதுத்தளிரின் இலைக்கக்கத்தில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் பக்கக்கிளைகளை இரண்டு, மூன்று கணு விட்டு வெட்ட வேண்டும். கைகளின் மேல்புறம் நெட்டுக்குத்தாக வரும் போத்துகளை இளசிலேயே கிள்ளாவிட்டால் ஒரே பருவத்தில் படல் புதராகிவிடும்.

கம்பம்: பார்த்தீர்களா, நீங்களே 'படல்' என்று எழுதிவிட்டீர்கள். மூன்று பேர் படல், ஒருவர் தோளணை. படல் மரம் என்றே அனுப்புகிறேன்.

செங்கோட்டை: படல் செத்த கம்பு, மரம் உயிருள்ளது. என் மறுப்பு நிற்கிறது. அடைப்புக்குறியிலாவது தோளணையைப் போடுங்கள்.

கம்பம்: அடைப்புக்குறியில் எஸ்பாலியர் உட்கார்ந்திருக்கிறது ஐயா.