2042 ஜனவரி 31-இல் முடியும் டிஸ்னி டைம்ஷேர் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்தா?

வரவுசெலவு:
நண்பர் எடிசன்வாசி சென்ற வாரம் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, யாராவது கேட்பார்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, வாழ்த்து மட்டும் குவிந்திருக்கிறது. ஆகவே நான் கேட்கிறேன். புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் போர்டுவாக் வில்லாவில், அறை பதிவு செய்யச் செலவிடும் பாயிண்ட் ஆண்டுக்கு 160 தரும் டிஸ்னி வெக்கேஷன் கிளப் (டிஸ்னியின் டைம்ஷேர், அதாவது விடுதியில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் பங்காக விற்கும் திட்டம்) ஒப்பந்தம் ஒன்றைத் தம் குடும்பம் ரிசேலில், அதாவது பழைய உறுப்பினர் ஒருவரிடமிருந்து, வாங்கியிருப்பதாகவும், "இது விடுதிச் செலவு அல்ல, என் பிள்ளைகளுக்கு நான் விட்டுச் செல்லும் சொத்து" என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

போர்டுவாக் ஒப்பந்தம் 2042 ஜனவரி 31 அன்று முடிகிறது. நிலம் டிஸ்னியுடையது. உறுப்பினர்கள் கையில் இருப்பது அந்த நிலத்தின் குத்தகைக் காலத்துக்குள் அடங்கிய பங்கு மட்டுமே. காலம் முடிந்ததும் கட்டடம் முழுவதும் டிஸ்னிக்கே போய்விடும். உறுப்பினருக்கு ஒரு டாலர்கூடத் திரும்பி வராது. அவருடைய மூத்த மகளுக்கு இப்போது ஏழு வயது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண் படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, தன் சம்பளத்தில் விடுமுறைக்குத் திட்டமிடத் தொடங்கும் வேளையில் அவள் பெயரில் எழுதிவைக்க எதுவும் மிச்சம் இருக்காது. பயணம் போவது அவரவர் விருப்பம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய பதிவைப் படித்துவிட்டு இன்னும் நான்கு குடும்பங்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு இதை வாங்க ஓடக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எடிசன்வாசி:
ஐயா, என் பதிவை முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா என்று ஐயமாக இருக்கிறது. 2042 என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களிலேயே அது இருக்கிறது. அதனால்தான் டிஸ்னியிடம் நேரடியாக வாங்காமல் ரிசேலில் வாங்கினேன். மிச்சமிருக்கும் ஆண்டுகள் குறைவு என்பதால் விலையும் குறைவாக இருந்தது. புளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் என் பெயரிலும் என் மனைவி பெயரிலும் பத்திரம் பதிவாகியிருக்கிறது. நாளைக்கே அதை விற்கலாம், உயில் எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொண்ட விலைக்கே அதைத் தானே எடுத்துக்கொள்ளும் உரிமையை டிஸ்னி வைத்திருக்கிறது; சில ஒப்பந்தங்களை அப்படி எடுத்தும் கொள்கிறது. மதிப்பில்லாத ஒன்றை அந்த நிறுவனம் எதற்காக விலை கொடுத்து வாங்க வேண்டும்?

போர்டுவாக்கின் பின்பக்கம் இறங்கி நடந்தால் எப்காட் பூங்காவின் பின்வாயில் வந்துவிடும். மறுபக்கம் நடந்தால் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். பேருந்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அங்கே நாங்கள் தங்கப்போகும் நாட்களின் அருமையை உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

வரவுசெலவு:
பின்வாயில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. 2042-ஐப் பற்றிக் கேட்டேன். உயில் எழுதலாம் என்கிறீர்கள். 2042 பிப்ரவரியில் அந்த உயிலில் என்ன இருக்கும்? அந்தக் கேள்விக்குத் தங்கள் பதிலில் ஒரு வரியும் இல்லை.

பத்திரத்தோடு சேர்ந்து வரும் கடமையையும் சொல்லுங்கள். ஆண்டுக் கட்டணத்தில் விடுதியின் பராமரிப்பு, எதிர்காலச் சீரமைப்புக்கான இருப்பு, சொத்து வரி எல்லாம் அடக்கம். விடுமுறைக்கு அங்கே போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். 2020 மார்ச்சில் பூங்காக்களும் விடுதிகளும் மூடப்பட்டபோதும் அந்தக் கடமை மூடப்படவில்லை. ஒரு பேச்சுக்குப் பாயிண்டுக்கு 9 டாலர் என்று வைத்துக்கொண்டால், 160 பாயிண்டுக்கு ஆண்டுக்கு 1,440 டாலர். கட்டணம் ஒருபோதும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பதினாறு ஆண்டுகளில் 23,040 டாலர். இது வாங்கிய விலைக்கு மேலே வருவது. பூங்கா நுழைவுச்சீட்டு இதில் சேராது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

டாம்பாவாசி:
வரவுசெலவு அவர்கள் 2042 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு பயமுறுத்துவது நியாயமாகப் படவில்லை. இந்தக் கிளப்பின் முதல் விடுதியாக 1991-இல் திறந்த ஓல்டு கீ வெஸ்ட்டின் ஒப்பந்தமும் 2042-இல் முடிவதாகத்தான் இருந்தது. 2007-இல் டிஸ்னியே முன்வந்து, விரும்பிய உறுப்பினர்களுக்கு அதை 2057 வரை நீட்டித்துக் கொடுத்தது. ஒரு விடுதிக்குச் செய்ததை மற்றவற்றுக்கும் செய்யமாட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ், வீரோ பீச், ஹில்டன் ஹெட் ஆகிய ஐந்து விடுதிகளின் ஒப்பந்தங்களும் ஒரே நாளில் முடிகின்றன. இத்தனை ஆயிரம் குடும்பங்களை ஒரே நாளில் வெளியே அனுப்ப எந்த நிறுவனமும் துணியாது. புளோரிடாவில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன்; இந்த ஊர்ச் சந்தையைக் கண்ணால் பார்ப்பவன் சொல்கிறேன்.

வரவுசெலவு:
புளோரிடாவில் வசிப்பதால் டிஸ்னியின் இயக்குநர் குழுவில் தங்களுக்கு இருக்கை கிடைத்துவிடாது. ஓல்டு கீ வெஸ்ட் எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. அந்த நீட்டிப்பு இலவசமாகக் கிடைத்ததில்லை. பாயிண்டுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். எல்லா உறுப்பினர்களும் அதை வாங்கவும் இல்லை. அதனால் ஒரே விடுதியில் ஒரு குடும்பத்தின் ஒப்பந்தம் 2042-இல் முடிகிறது, மற்றொரு குடும்பத்தின் ஒப்பந்தம் 2057-இல் முடிகிறது. அந்த 2007-க்குப் பிறகு, தாங்கள் பட்டியலிட்ட ஐந்து விடுதிகளில் எதற்காவது அப்படி ஒரு நீட்டிப்பை விற்றார்களா? இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். போல்டர் ரிட்ஜ் இருக்கும் அதே வில்டர்னஸ் லாட்ஜ் வளாகத்தில் 2017-இல் காப்பர் கிரீக் என்ற பெயரில் புதிய ஒப்பந்தத்தை விற்கத் தொடங்கினார்கள். அது 2068 வரை செல்லும். 2019-இல் திறந்த ரிவியேரா 2070 வரை. கையிலே இருக்கும் கட்டடம் காலக்கெடு முடிந்து தானாகத் திரும்பி வரும்போது, அதைப் புதுப்பித்துப் புதிய விலைக்கு மீண்டும் விற்பதை விட்டுவிட்டு, பழைய உறுப்பினருக்கு நீட்டித்துக் கொடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு என்ன? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 2042 ஜனவரி 31. எழுதாத ஒன்றை நம்பி என் பணத்தை நான் கொடுக்கமாட்டேன்.

ஆஸ்டின் அக்கா:
இந்த விவாதத்தில் யாருமே குடும்பத்தோடு போய்த் தங்கியவர்கள் பேசுவதுபோல் பேசவில்லை. நாங்கள் ஓர் உறுப்பினரின் பாயிண்டை வாடகைக்கு எடுத்து ஒரு படுக்கையறை வில்லாவில் தங்கியிருக்கிறோம். முழு அடுப்பு, பெரிய குளிர்பதனப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அறைக்குள்ளேயே இருக்கின்றன. என் மாமியாருக்குச் சர்க்கரை நோய். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. காலையில் இட்லி ஊற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, தயிர் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனோம். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக அங்கே தடையில்லை. மதியம் வெயில் ஏறியதும் பிள்ளைகளை அழைத்து வந்து தூங்கவைத்துவிட்டு மாலையில் மறுபடி போனோம். சாதாரண ஓட்டல் அறையில் இது நடக்காது. எடிசன்வாசி தம்பி தன் குடும்பத்துக்கு நல்லது செய்திருக்கிறார். 2042, 2042 என்று ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் அவர் மனைவி மக்களின் மகிழ்ச்சி குறைந்துவிடுமா?

வரவுசெலவு:
அக்கா, தாங்கள் சொன்ன அனுபவம் முழுவதும் வாடகைக்கு எடுத்தபோது கிடைத்தது. ஒப்பந்தத்தை வாங்காமலேயே அந்த அடுப்பும் அந்தத் தயிர் சாதமும் தங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி.

மேலும், தம்பி வாங்கியது 160 பாயிண்ட். ஒரு படுக்கையறை வில்லாவுக்கு, ஒரே அறை கொண்ட ஸ்டூடியோவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு பாயிண்ட் வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் பாயிண்ட் உச்சத்தில் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். அந்த ஒரு வாரத்துக்கு ஒரு படுக்கையறை வில்லா எடுக்க அவருடைய ஓராண்டுப் பாயிண்ட் போதாது. ஸ்டூடியோ எடுத்தால் மைக்ரோவேவும் சிறிய குளிர்பதனப்பெட்டியும்தான். இட்லிக்கு அடுப்பு கிடையாது.

எடிசன்வாசி:
அடுத்த ஆண்டுப் பாயிண்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம், இந்த ஆண்டுப் பாயிண்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்பதை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போகும் குடும்பத்துக்கு 320 பாயிண்ட் கையில் இருக்கும். சொந்த விடுதியில் பதினொரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யும் உரிமையும் எங்களுக்கு உண்டு. மற்ற உறுப்பினர்கள் ஏழு மாதத்துக்கு முன்புதான் போர்டுவாக்கைத் தொட முடியும். வாடகைக்கு எடுப்பவர் உறுப்பினர் ஒருவரின் தயவில் நிற்கிறார். நான் யார் தயவிலும் நிற்கவில்லை.

வரவுசெலவு:
தள்ளலாம் என்றாலும் நினைத்தபோதெல்லாம் தள்ள முடியாது. பாயிண்ட் ஆண்டு தொடங்கி எட்டு மாதத்துக்குள் தள்ளிவிட வேண்டும். தவறினால் அந்த ஆண்டு முடிவதற்குள் எங்கேயாவது தங்கித் தீர்க்க வேண்டும், இல்லையேல் வீண். அத்துடன் 2019 ஜனவரி 19 முதல் ரிசேலில் வாங்கியவர்கள் ரிவியேராவிலோ, டிஸ்னிலேண்ட் ஓட்டல் வில்லாவிலோ, ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்களிலோ அந்தப் பாயிண்டைக் கொண்டு தங்க முடியாது. ஆகவே இந்தப் புதிய விடுதிகளின் கதவு தங்களுக்குத் திறக்காது. 2042 வந்ததும் கடைசி இடமும் இல்லை. இதைத்தான் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கப்போகிறீர்களா?

நெல்லைச்சீமை:
இதில் இவ்வளவு சண்டை எதற்கு? நம் ஊரில் ஒத்திக்கு வீடு பிடிப்பதில்லையா? முன்பணம் கொடுக்கிறோம், குறித்த காலம் வரை குடியிருக்கிறோம், காலம் முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதுவும் அதுபோலத்தான் என்று எடுத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இருக்காது.

வரவுசெலவு:
நெல்லைச்சீமை அவர்களே, ஒத்தியில் காலம் முடிந்ததும் கொடுத்த பணம் முழுவதும் கைக்கு வந்து சேரும். இங்கே 2042-இல் எது வந்து சேரும்? ஒத்தி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு வந்து பேசுங்கள்.

நெல்லைச்சீமை:
ஒத்தி வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம். ஒத்திப் பணத்தைத் திருப்பித் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். சமாதானமாகப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இப்படிப் பாய்கிறீர்கள். போன ஆண்டு கூரையில் சோலார் தகடு போடுவது பற்றிய விவாதத்திலும் இதே தொனியில்தான் எல்லாரையும் விரட்டினீர்கள்.

டாம்பாவாசி:
சோலார் விவாதத்தை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அப்போதும் வரவுசெலவு அவர்கள் சொன்ன கணக்கை நான் திருத்தினேன். அந்தக் கோபத்தை இன்னும் மனத்தில் வைத்திருக்கிறார். டிஸ்னியின் இயக்குநர் குழுவில் எனக்கு இருக்கை இல்லை என்று எழுதியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வரவுசெலவு:
சோலார் கணக்கில் தாங்கள் எதையும் திருத்தவில்லை. வட்டியைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்பதை நான்தான் சுட்டிக்காட்டினேன். அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

எனக்கு யார்மீதும் கோபம் இல்லை. என் நெருங்கிய உறவினர் ஒருவர், வேறொரு நிறுவனத்தின் டைம்ஷேரை ஒரு மதிய விருந்தில் உட்காரவைக்கப்பட்டு வாங்கினார். புளோரிடா சட்டப்படி கையெழுத்திட்ட பிறகு பத்து நாளுக்குள் திரும்பப் பெறும் உரிமை உண்டு. அதை அவருக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காகிதக் கட்டைப் பிரித்து நிதானமாகப் படித்தபோது அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆண்டுக் கட்டணத்தைக் கட்டுவதா, மகனின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதா என்று அவர் வீட்டில் நடந்த பேச்சை நான் நேரில் கேட்டேன். ஆகவே, சேமிப்பு கரையும் ஓர் ஒப்பந்தத்தைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஒருவர் புகழும்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டேன்.

எடிசன்வாசி:
உங்கள் உறவினர் வேறொரு நிறுவனத்தில் ஏமாந்ததற்கு என் குடும்பம் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நானும் என் மனைவியும் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். எங்களை யாரும் விருந்துக்கு அழைத்து உட்காரவைக்கவில்லை. கடன் வாங்காமல் கைப்பணத்தில் வாங்கினோம். வேண்டாம் என்று தோன்றும்போது விற்றுவிடுவோம். 2042 வரை அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வரவுசெலவு:
விற்றுவிடுவோம் என்கிறீர்கள். 2040-இல் இரண்டே ஆண்டு மிச்சமுள்ள ஒப்பந்தத்தை எந்த விலைக்கு யார் வாங்குவார்? விற்றுவிடப்போகிறீர்கள் என்றால் பிள்ளைகளுக்கு எப்படி விட்டுச் செல்வீர்கள்? வைத்திருந்தால் 2042-இல் அது முடிந்துவிடும். இரண்டில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று இப்போதாவது சொல்லுங்கள்.

டாம்பாவாசி:
2042-க்குள் டிஸ்னி நீட்டித்துவிடும் என்று மறுபடியும் சொல்கிறேன். ஓல்டு கீ வெஸ்ட்டுக்கு நீட்டித்தார்களா, இல்லையா?

வரவுசெலவு:
பணம் வாங்கிக்கொண்டு ஒரே ஒரு விடுதிக்கு நீட்டித்தார்கள். போர்டுவாக்குக்கு நீட்டித்ததாக ஒரு காகிதம் இருந்தால் இங்கே போடுங்கள். அதுவரை என் கேள்வி அப்படியே நிற்கிறது. எடிசன்வாசி இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆஸ்டின் அக்கா:
அவர் ஏன் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்? எடிசன்வாசி தம்பி, கிறிஸ்துமஸ் வாரத்துக்குப் பதிவு திறக்கும் பதினோராவது மாதம் நெருங்குகிறது. போர்டுவாக்கில் குறைந்த பாயிண்டுக்குக் கிடைக்கும் அறைகள் முதலிலேயே போய்விடும். இங்கே எழுதி நேரத்தைச் செலவழிக்காமல் காலையில் பதிவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள்.