யாழ்ப்பாணத்திலை தியேட்டர் இனி நிண்டுபிடிக்குமோ?

கொக்குவிலான்:
போன சனி அம்மாவையும் தங்கச்சியையும் படத்துக்குக் கூப்பிட்டன். அம்மா சொல்றா, "நாலு கிழமை பொறு, போனிலையே வரும், புட்டை அவிச்சுப்போட்டு ஆறுதலா இருந்து பாப்பம்" எண்டு. மூண்டு ரிக்கெற், ஓட்டோ, இடைவேளைக்கு ரோல்ஸ் எல்லாம் கணக்குப் பாத்தா அவ சொல்றதும் பிழையில்லை. ஆனா உப்பிடியே போனா மூடுப்பட்ட வின்சர், றீகல் தியேட்டருகள் போன வழியிலை மிச்சமும் போயிடுமோ?

பழைய கலரி:
தம்பி, வீட்டிலை படம் பாக்கிறது எங்களுக்கென்ன புதுசோ. 90க்குப் பிறகு கரண்ட் இல்லாத காலத்திலை வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து முத்தத்திலை வைச்சு, ஜெனரேற்றரை பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணைக்கு மாத்திவிட்டு விடிய விடிய மூண்டு படம் பாத்தனாங்கள், சண்டைக் காட்சி வரேக்கை சரியா ஜெனரேற்றர் இருமும், உடனை நாலு பேர் ஓடிப்போய் அதின்ரை ஸ்பார்க் பிளக்கைக் கழட்டித் துடைக்க மிச்சச் சனம் சாக்கிலை இருந்து கதையை ஊகிக்கும். பக்கத்து வீடு, பின்வீடு எல்லாம் அங்கைதான். போனிலை தனிய காதுக்கை வயரைச் செருகிப் பாக்கிறது எனக்குப் பிடிபடேல்லை.

றீல்பெட்டி:
நான் தியேட்டரிலை படம் ஓட்டினனான். இப்ப றீல் இல்லை, படம் ஹாட் டிஸ்க்கிலை வரும், திறக்கிறதுக்கு நாள் குறிச்ச டிஜிட்டல் சாவி வேறை. முதல் கிழமை வசூலிலை பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு, நாள் போகப்போகத்தான் தியேட்டர்காரன்ரை பங்கு கூடும். அவன் நாலு காசு பாக்கிற நேரம் படம் ஓடிடியிலை (போனிலை பாக்கிற இன்ரநெற் சேவையிலை) வந்திடுது! பிறகு என்ன, கன்ரீன்தான் சோறு போடுது.

மழைக்கோட்டு:
அண்ணை சொல்றது சரிதான், ஆனா எங்கடை பக்கத்தையும் கேளுங்கோ. ஒரு தியேட்டருக்குப் போனன் (பேர் வேண்டாம்), ஏசி இல்லை, பாத்றூமுக்குக் கதவுக் கொளுக்கி இல்லை, முன்னுக்கு ஒருத்தர் படம் முழுக்க வட்ஸப். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரா அமேசனிலை வரேக்கை தியேட்டர்காரர் துள்ளினவை, கொளுக்கிக்கும் கொஞ்சம் துள்ளியிருக்கலாம். பெரிய படமெண்டா இப்பவும் முதல் நாளே போவன், அந்தச் சவுண்ட் வீட்டிலை வராது. மற்றதெல்லாம் வீட்டுக் கட்டிலிலைதான்.

பழைய கலரி:
2022 இலை 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்கை கட்டிலிலை என்னத்தைப் பாத்தனீங்கள் பிள்ளை? 😄

கொக்குவிலான்:
அம்மா வாறாவாம். ஆனா புட்டைப் பார்சல் கட்டிக்கொண்டு வரலாமோ எண்டு கேக்கிறா. றீல்பெட்டி அண்ணை, உள்ளுக்கை விடுவாங்களோ?